அரைப்புள்ளி

எஸ்.பி. ரோட்டில் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய
பழைய லேப்டாப்பில் எல்லாம் விழுகிறது,
அரைப்புள்ளி மட்டும் இல்லை.
"அதை யாரு சார் அடிக்கப் போறாங்க" என்றான் கடைக்காரன்.

சி மொழியில் எல்லாரும் அதைத்தான் அடிக்கிறார்கள்.

ஆகவே ஒரு கோப்பில்
ஒரே ஒரு அரைப்புள்ளியைச் சேமித்து வைத்திருக்கிறேன்.
வரிக்கு வரி அங்கே போய்
நகலெடுத்து வந்து ஒட்டுகிறேன்,
டேங்கர் வராத நாட்களில்
பக்கத்துக் கட்டடத்துக்குக் குடத்தோடு போய்வருவதுபோல.

பகலில் பொம்மனஹள்ளி கூரியர் கிடங்கு.
பின்கோடு பார்த்துப் பிரித்துப் போடும் வேலை.
பத்தரைக்கு மேல், திகந்தா குறட்டை விட ஆரம்பித்ததும்
திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு நான்.
வீடியோவில் சொல்லித்தருகிற பையன்
என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
எதற்கும் "வெரி சிம்பிள்" என்கிறான்.

முதல் வாரம், ஆறாம் வரியில் ஒட்ட மறந்தேன்.
ஏழாம் வரியில் பிழை என்றது கம்பைலர்.
ஏழாம் வரியை நாலு முறை அழித்து எழுதினேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது, பாவம்.
கிடங்கிலும் இதே கதை:
மைசூர்ப் பையில் மங்களூர்ப் பெட்டியைப் போட்டவன் எவனோ,
திட்டு வாங்குகிறவன் பையைத் திறந்தவன்.

அப்புறம் ஸ்கேன்எஃப்.
மாறியின் பெயருக்கு முன்னால்
அந்தக் கோணல் முறுக்குக் குறியைப் போடவில்லை.
புரோகிராம் விழுந்து செத்தது.
புரிய இரண்டு ராத்திரி ஆயிற்று:
பெயரைச் சொன்னால் போதாது,
எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.
இது எனக்கா தெரியாமல் போனது?
"சிவண்ணா, கோயில் பின்னால்" என்று மட்டும் எழுதி வருகிற பெட்டிகளைத்
தினமும் மூலையில் ஒதுக்குகிறவன் நான்.

ஒரு நாள் மதிப்பு ஏதும் தராமல்
ஒரு மாறியை அச்சிட்டுப் பார்த்தேன்.
சுழியம் வரும் என்றிருந்தேன்.
32764 வந்தது.
யாருடையது?
அந்த இடத்தில் முன்பு இருந்தது எதுவோ
விட்டுவிட்டுப் போனது.
தலையைத் திருப்பினேன்.
சுவரில், சுவிட்சுக்கு மேலே, பென்சிலில்
ஒடியா எழுத்தில் ஒரு பெயர்,
பக்கத்தில் பத்து இலக்கம்.
குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.
இந்த அறையையும் யாரும்
சுழியமாக்கித் தரவில்லை.

நேற்றுதான் உருப்படியாக ஒன்று எழுதினேன்:
இரண்டு பெட்டிகளின் சராசரி எடை.
மூன்று கொடுத்தேன், நான்கு கொடுத்தேன்.
மூன்று என்றது.
அரைக் கிலோ எங்கே?
எங்கள் மஞ்சப்பா அரைக் கிலோவுக்கு
முக்கால் மணி நேரம் சண்டை பிடிப்பார்.
இது சத்தமே இல்லாமல் உதறிவிட்டது.
கோபம் வந்தது. பிறகு பார்த்தால்
முழு எண் என்று அறிவித்தது நான்தான்.
படியை நான் கொடுத்தேன்,
கொள்ளாததை அது கீழே விட்டது.

ஃப்ளோட் என்று மாற்றினேன். அச்சிடும் வரியிலும் மாற்றினேன்.
3.500000.
கேட்காத ஐந்து சுழியங்களோடு
அரைக் கிலோ திரும்பி வந்தது.

அந்தச் சந்தோஷத்தில், பழக்கதோஷத்தில்,
செத்த விசையை ஓங்கி அமுக்கிவிட்டேன்.

;;;

மூன்று விழுந்தன.
அழிக்காமலே ஓட்டினேன்.
கம்பைலர் வாயைத் திறக்கவில்லை.
ஒன்று குறைந்தால் ஊரைக் கூட்டும்,
இரண்டு கூடுதல் என்றால்
பார்க்காததுபோல் இருந்துவிடும்.

மறுபடி அமுக்கினேன். இல்லை.
நகத்தால் நெம்பி, ஊதி, இன்னொரு தடவை. இல்லை.
திகந்தா புரண்டு படுத்து
அஸ்ஸாமியில் ஏதோ திட்டினான்.

அந்த மூன்றையும் வெட்டி எடுத்துப்போய்ச்
சேமித்தேன்.
கோப்பில் இப்போது நான்கு இருக்கின்றன.